சிடி19 புரதம்

சிடி19 என்பது மனித உடலில் பி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு சவ்வுப் புரதம் ஆகும். இது 556 அமினோ அமிலங்களால் ஆனது. இதற்கான மரபணு 16-ஆம் குரோமோசோமில் உள்ளது. பி செல் ஒரு கிருமியை உணரும்போது எழும் சமிக்ஞையைப் பெருக்கிக் கொடுப்பது இதன் இயல்பான வேலை.

புற்றுநோய் ஆய்வாளர்கள் இதை நாடுவதற்குக் காரணம் வேறு. பி செல்களில் தோன்றும் பெரும்பாலான இரத்தப் புற்றுநோய்களிலும் நிணநீர்ப் புற்றுநோய்களிலும் நோயுற்ற செல்லின் மீதும் இப்புரதம் இருக்கிறது. இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் செல்களில் இல்லை.

தேவாரம், கம்பம் பக்கத்து மலையடிவாரங்களில் பல வீட்டு மாடுகளை ஒரே கிடையாக மேய்ப்பார்கள். எது யார் மாடு என்பதைக் காதில் உள்ள வில்லையோ உடம்பில் உள்ள சூட்டுக்குறியோ சொல்லிவிடும். சிடி19 அப்படியொரு குறி. ஆனால் அது 'இது பி செல்' என்று சொல்லுமே தவிர, 'இது புற்று' என்று சொல்லாது. ஆகவே இக்குறியைப் பார்த்துத் தாக்கினால் நலமான பி செல்களும் சேர்ந்தே அழியும். அவை இல்லாமல் மனிதர் வாழ முடியும். குறைந்துபோகும் எதிர்ப்பொருள்களை இம்யூனோகுளோபுலின் செலுத்தி ஈடுசெய்யலாம். இதயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

கார்-டி சிகிச்சை

நோயாளியின் டி செல்களை எடுத்து, சிடி19-ஐப் பற்றிக்கொள்ளும் செயற்கை ஏற்பியை மரபணு வழியே அவற்றில் அமைத்து, பெருக்கி, மீண்டும் அவர் உடலில் செலுத்துவதே இச்சிகிச்சை. அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில் முதல் அனுமதி கிடைத்தது. அப்போது அதன் விலை 4,75,000 டாலராக இருந்தது. அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய்.

இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் இணைந்து இதே புரதத்தைக் குறிவைக்கும் நெக்ஸ்கார்19 சிகிச்சையை உருவாக்கின. 2023 அக்டோபரில் அதற்கு அனுமதி கிடைத்தது. விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத தொகைதான்.

ஆய்வகத்தில் உருவாக்குதல்

தயாரித்த டி செல்களில் ஏற்பி உண்மையிலேயே அமைந்துவிட்டதா என்று எப்படி அறிவது? ஒளிரும் சாயம் இணைத்த சிடி19 புரதத்தை அவற்றோடு கலப்பார்கள். ஏற்பி உள்ள செல் அதைப் பற்றிக்கொண்டு ஒளிரும். ஃபுளோ சைட்டோமீட்டர் கருவி அவற்றை எண்ணிவிடும். இதற்காகத்தான் இப்புரதம் மறுசேர்க்கை டிஎன்ஏ முறையில் தனியே தயாரிக்கப்படுகிறது.

முழுப் புரதம் தேவையில்லை. சவ்வுக்குள் புதைந்த பகுதி நீரை வெறுப்பது, கரைசலில் திரண்டுவிடும். எனவே செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுமார் 270 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதிக்கான மரபணுத் துண்டை மட்டும் எடுத்து, பிளாஸ்மிடில் சேர்த்து, ஹெச்இகே293 என்ற மனிதச் செல்வழியில் செலுத்துவார்கள். செல்கள் புரதத்தை வளர்ப்பு ஊடகத்தில் சுரக்கும். அதைப் பிரித்துத் தூய்மைப்படுத்த வேண்டும்.

இன்சுலினை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கிறோமே, இதை ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சிடி19-இன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. பாக்டீரியா அவற்றை மனிதச் செல்லைப் போல் இணைக்காது. மடிப்பும் எளிதன்று. தனித்தனியான இரண்டு மடிப்புகள் இருக்கும் என்றே முன்பு கருதினார்கள். 2018-இல் வெளியான படிக அமைப்பு வேறொன்றைக் காட்டியது: இரு மடிப்புகளும் தம் பின்பாதிகளை மாற்றிக்கொண்டு, பின்னி, ஒரே நீண்ட வடிவமாக இருந்தன. மடிப்பு பிசகினால் ஏற்பி பற்றாது. நல்ல டி செல்லும் சோதனையில் தோற்றதாகத் தெரியும்.

குறி மறைதல்

சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய சிலரின் புற்றுச் செல்களில் சிடி19 காணப்படுவதில்லை. அம்மரபணுவின் இரண்டாவது எக்சான் விடுபட்ட புரதம் உருவாவது இதற்கு ஒரு வழி என்று பிலடெல்பியா ஆய்வாளர்கள் 2015-இல் கண்டனர். காதுவில்லை அறுந்த மாட்டைப் போல அச்செல் கிடையில் நிற்கும்; டி செல்லுக்கு அடையாளம் தெரியாது. சிடி22 என்னும் மற்றொரு பி செல் புரதத்தையும் சேர்த்துக் குறிவைக்கும் ஏற்பிகள் இதனால்தான் சோதிக்கப்படுகின்றன.