வெளிநாட்டு சிம் வாங்குங்கள். ஊர் நம்பரை விட்டுவிடாதீர்கள்

சீயமங்கலம், தேசூர், செஞ்சி வட்டாரத்திலிருந்து வேலைக்காகவும் பிள்ளைகளைப் பார்க்கவும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று புறப்படுகிறவர்கள் உண்டு. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் பத்து முறை சரிபார்ப்பவர்கள், போனைப் பற்றி மட்டும் விமான நிலையத்தில்தான் யோசிக்கிறார்கள்.

எத்தனை நாள் பயணம்?

ஒரு வாரத்துக்குள் திரும்புவதென்றால், இங்குள்ள ப்ரீபெய்டு நம்பரிலேயே சர்வதேச ரோமிங் பேக் போட்டுக்கொள்வது எளிது. நம்பர் மாறாது, ஓடிபியும் வரும். பேக்கில் நீங்கள் போகும் நாடு இருக்கிறதா, விமானம் மாறும் நாடும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதற்கு மேல் தங்குவதென்றால் அந்த நாட்டு ப்ரீபெய்டு சிம்தான் பெரும்பாலும் மலிவு. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து வாங்க வேண்டும். போனில் இ-சிம் வசதி இருந்தால் ஊரிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பல பயண இ-சிம்களில் டேட்டா மட்டுமே இருக்கும். அழைக்க நம்பர் இருக்காது.

ஓடிபி எங்கே வரும்?

பலரும் தவறுவது இங்கேதான். புது சிம்மைப் போட, சுண்டுவிரல் நகம் அளவுள்ள பழைய சிம்மைக் கழற்றிப் பர்ஸ் மடிப்பில் செருகுகிறார்கள். சில மாதம் கழித்து வங்கிக் கணக்கைத் திறக்க முயன்றால் ஓடிபி அந்தப் பழைய நம்பருக்குப் போகிறது. சிம் கிடைத்தாலும் அதற்குள் சேவை நின்றிருக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டித்த நம்பர் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். ஆதார், வங்கி, கேஸ் இணைப்பு எல்லாம் அந்த நம்பரில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இரண்டு சிம் போடும் போன்தான் நல்லது. ஊர் சிம்மில் ரோமிங் வசதியை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். இந்திய நிறுவனங்கள் பொதுவாக வெளிநாட்டில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அழைப்பை எடுத்தால் காசு போகும். ஊர் நம்பரின் பேக் முடிவதற்குள் வீட்டிலிருப்பவர்களை ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் வழி திறந்தது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உட்பட 10 நாடுகள் முதல் பட்டியலில் இடம்பெற்றன.

நாட்டுக்கு நாடு விதி

சிங்கப்பூரில் 2017-ல் 2ஜியும் 2024-ல் 3ஜியும் நிறுத்தப்பட்டன. பழைய பட்டன் போனைக் கொண்டுபோனால் அங்கே சிக்னலே கிடைக்காது. அங்கு ஒருவர் மூன்று ப்ரீபெய்டு சிம் வரைதான் வைத்திருக்கலாம். உங்கள் பெயரில் சிம் வாங்கித் தரச் சொல்லி யாராவது காசு நீட்டினால் மறுத்துவிடுங்கள். மோசடிக்காரர்கள் கைக்குப் போகும்படி சிம்மைக் கைமாற்றுவதற்கு எதிரான சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அங்கே அமலில் உள்ளது.

துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. வீட்டோடு பேச அந்நாட்டில் அனுமதி பெற்ற செயலிகள்தான் வழி. எந்தச் செயலி என்று கேட்டு, ஊரிலிருக்கும் அம்மாவின் போனிலும் புறப்படும் முன்பே ஏற்றி, ஒருமுறை பேசிப் பழக்கிவிடுங்கள்.

புறப்படும் முன்

ரோமிங்கை இங்கேயே இயக்குங்கள். விமானத்தில் ஏறியதும் ஏரோபிளேன் மோடு போடுங்கள். வானத்தில் பிடிக்கும் நெட்வொர்க்குக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதலாளி, தூதரகம், வீடு ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அங்கே எந்த சிம் வாங்கினாலும் சரி, ஊர் நம்பர் உயிரோடு இருக்கட்டும். உங்கள் சம்பாத்தியத்தின் சாவி அதில்தான் இருக்கிறது.