வறண்ட ஓடையும் சட்டத்தின் கண்ணில் நீரோடையே

ஆண்டு முழுவதும் நீரோடும் தாமிரபரணியில் கலக்கும் சாக்கடையை ஆற்றுநீர் ஓரளவேனும் நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் கோவில்பட்டிப் பகுதியின் கரிசல் ஓடைகளிலோ, வாறுகால் வழியே வந்துசேரும் கழிவுநீரே ஒரே நீரோட்டமாகிவிடுகிறது. அந்நகருக்குக் குடிநீர் வருவது சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்துதான். சீவலப்பேரியோ ஆற்றுப்போக்கில் திருநெல்வேலிக்குக் கீழே உள்ளது. மேலூர்க் கழிவை எண்ணிக் கவலைப்பட வேண்டிய நகரம், தன் ஓடைக்கும் கண்மாய்க்கும் கீழுள்ள சிற்றூர்களுக்குத் தானே மேலூராக இருக்கிறது.

சிக்கலைப் பெருக்குவது மண்ணின் இயல்பு. செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுநீர்த் தொட்டியில் மலக்கசடு அடியில் தங்க, மேலே தெளியும் நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்க வேண்டும். ஆனால் ஈரம் பட்டால் உப்பும் கரிசல் களிமண் மழைக்காலத்தில் நீரை உள்வாங்க மறுப்பதால், குழி நிரம்பித் தெருவுக்கு வழிகிறது. கோடையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடுவதால், கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஆழத்துக்கு இறங்கக்கூடும். அடித்தளம் பூசாமல் உறை மட்டும் இறக்கிக் கட்டியதைப் பலர் தொட்டி என்கிறார்கள். அது வெறும் குழிதான். அதன் அருகிலுள்ள கிணற்று நீரில் நைட்ரேட் சேரும் அபாயம் உண்டு. இந்தியக் குடிநீர்த் தரநிலை அனுமதிக்கும் லிட்டருக்கு 45 மில்லிகிராமை அது மிஞ்சினால், கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைகிறது.

சுத்திகரிப்பு என்பது குப்பையைச் சல்லடையில் தடுத்து, கசட்டைப் படியவிட்டு, எஞ்சிய கரிமப்பொருளைக் காற்றூட்டிய நீரில் நுண்ணுயிரிகளுக்கு இரையாக்குவதே. பெரிய நிலையம் எட்டாத சிற்றூரில் நாணல் வளர்த்த சரளைப் படுகையே இப்பணியின் பெரும்பகுதியைச் செய்யும்.

இந்த ஓடைகளைக் கழிவின்றிக் காக்கக் கோரும் உரிமையின் வேர் 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு, நீரோடையில் மாசுப்பொருளை விடுவதைத் தடை செய்கிறது. ‘நீரோடை’ என்பதற்கு 2ஆம் பிரிவு தரும் வரையறையோ, ஓடிக்கொண்டிருப்பதையும் தற்காலிகமாக வறண்டிருப்பதையும் ஒருசேர உள்ளடக்குகிறது. ‘தண்ணியில்லாத ஓடைதானே’ என்னும் சமாதானம் சட்டத்தின்முன் நிற்காது. மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது.

கசடு அள்ளும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று கேட்பது வீட்டுக்காரரின் பொறுப்பும் ஆகும். பாதுகாப்புக் கருவியின்றி ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டியைத் தூர்வார 14420 என்ற எண்ணை அழைக்கலாம். ஓடையில் கழிவு விடப்பட்டால் நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்துமூலம் புகார் தந்து, ஒப்புகையைப் பெற்று வைக்க வேண்டும். தகவலுரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், சுத்திகரிப்பு ஏற்பாடு குறித்து 30 நாளில் பதில் கோரலாம். அதன் பிறகும் அசைவில்லையெனில் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், கழிவு விடப்பட்ட தேதியைக் குறித்து வைப்பது முக்கியம். ஒளிப்படத்தை மழையே இல்லாத நாள்களில் எடுப்பது நல்லது: அப்போது ஓடையில் ஓடுவது மழைநீர் என்று எவரும் வாதாட முடியாது.