ஓரத்தைக் கரைக்கும் முன்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது அரங்குகளின் பேனர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலவற்றில் எழுத்தாளரின் படத்துக்குச் சட்டமே இருக்காது. தோளுக்குக் கீழே பின்னணி நிறத்தோடு மெல்லக் கரைந்துவிடும். தெருச்சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் இதே வேலைதான். டிசைன் செய்கிறவர்கள் இதை ‘ஃபெதர்’ என்பார்கள். ஒற்றை முகத்துக்கு இது பொருந்துகிற அலங்காரம். அதையே கையில் கிடைக்கிற எல்லாப் படத்துக்கும் போடுவது தவறு என்பது என் கட்சி.

இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை அல்ல. 19ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களிலேயே அட்டையில் முட்டை வடிவத் துளை போட்டு, அதன் வழியாகத் தாளில் ஒளி விழச் செய்தார்கள். அட்டை தாளை ஒட்டாமல் சற்று விலகி நிற்பதால் ஓரத்தில் ஒளி படிப்படியாகக் குறையும். முகத்தைச் சுற்றியுள்ளது வெள்ளையில் மறையும். 1990இல் வந்த ஃபோட்டோஷாப்பும், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பும் அதையே எண்களால் செய்கின்றன. நாம் வட்டம் போட்ட கோட்டிலேயே படம் ஏறக்குறையப் பாதி மங்கியிருக்கும். முகத்தை நெருக்கி வட்டம் போட்டால் ஜிமிக்கியும் மல்லிகைச் சரமும் சேர்ந்து காணாமல்போவது இதனால்தான். ஃபெதர் அளவும் ஏமாற்றும். 1,000 பிக்சல் அகலப் படத்தில் 50 என்று கொடுத்தால் ஓரம் நன்றாகவே கரையும். 4,000 பிக்சல் அகலமுள்ள செல்போன் படத்தில் அதே 50 போட்டதே தெரியாது, 200 வேண்டும்.

முகம் மட்டும் போதும் என்கிற இடத்துக்காகப் பிறந்த உத்தி இது. கல்லூரிக் குழுப் படத்தில் இதைப் போட்டால் என்ன ஆகும்? வரிசையின் இரு கோடியிலும் நிற்பவர்கள் பாதி ஆளாகிவிடுவார்கள். பின்னால் கட்டிய பேனரில் இருந்த வருடமும் போய்விடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படங்களில் ஆய்வாளர்கள் முகத்தை மட்டுமா பார்ப்பார்கள்? திரையில் தீட்டிய மாளிகை, பக்கத்து ஸ்டூலில் வைத்த பூச்சாடி, அட்டையின் அடியில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயர் எல்லாமே அவர்களுக்குச் சான்று. அவை இருப்பது ஓரத்தில்தான்.

“பின்னால் குப்பைத்தொட்டியும் யாரோ ஒருவரின் முழங்கையும் தெரிகிறதே, அதை மறைக்க வேண்டாமா?” என்று கேட்கலாம். மறைக்கலாம், ஆனால் அதற்கு நேராக வெட்டினாலே போதும். புகைபோல் மூட வேண்டியதில்லை. பூச்சி அரித்த பழைய படத்தின் மூலைகளைக் கரைத்துக் காட்டுவது நியாயமான காரணம்தான். அப்போதும் முழு அட்டையையும் முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். “என் படம், என் இஷ்டம்” என்பாருக்கும் மறுப்பில்லை. ஓரத்தை அழிக்காமல் லேயர் மாஸ்க் போட்டு மூடினால் இஷ்டம் மாறும்போது திறந்துகொள்ளலாம். ஆனால் ஜேபெக் ஆகச் சேமித்தால் அந்த மாஸ்க் தங்காது. ஒளிபுகும் ஓரமும் நிற்காது, ஏதாவதொரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேனரில் வைக்க பிஎன்ஜி, பிற்பாடு திருத்த அந்த மென்பொருளின் சொந்த ஃபைல் என இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடுவது அவசரத்தில்தான். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு குழுப் படத்தை உருவிக் கடைக்குக் கொடுத்தால், வேலை முடிந்ததும் அதைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் இருக்கும் படமானால் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அளவு குறையாமல் போய்ச்சேரும்.