வீட்டின் தலையில் கட்டப்படும் கடன்கள்

மும்பையை அடுத்த கல்யாண் கிழக்கில் ஒரு பிளாட். வீட்டுக் கடன் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. இடையில் பிள்ளையின் படிப்புக்கு ஒரு பர்சனல் லோன், ஆஸ்பத்திரிச் செலவில் ஏறிய கிரெடிட் கார்டு பாக்கி. சம்பளம் ஒருவருடையது மட்டும். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு லோன் ஏஜென்ட் சொல்லும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டுக் கடனை வேற கம்பெனிக்கு மாத்தி, மேல டாப்-அப் வாங்கி எல்லாத்தையும் அடைச்சிடலாம். மாசம் ஒரே இ.எம்.ஐ., அதுவும் குறைஞ்சிடும்."

இ.எம்.ஐ. குறைவது உண்மைதான். அவர் சொல்லாமல் விடுவது இரண்டு விஷயங்கள்.

முதலாவது, மொத்த வட்டி

5 லட்சம் பர்சனல் லோன், 16 சதவீத வட்டி, இன்னும் 3 வருடம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். இ.எம்.ஐ. சுமார் 17,580 ரூபாய்; கட்டி முடிக்கும்போது வட்டி 1.33 லட்சம். அதே 5 லட்சத்தை 11 சதவீதத்தில் வீட்டின் மேல் 15 வருடத்துக்கு மாற்றினால் இ.எம்.ஐ. 5,680 ரூபாய்தான். ஆனால் வட்டி மட்டும் 5.23 லட்சம். வட்டி விகிதம் இறங்கியும் செலவு நான்கு மடங்காகிறது. இதையே 5 வருடத்தில் அடைத்தால் இ.எம்.ஐ. 10,870 ரூபாய், வட்டி 1.52 லட்சம். ஆகவே ஏஜென்டிடம் எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். பிராசசிங் கட்டணம், முத்திரைத்தாள் செலவு, கடனோடு சேர்த்து விற்கும் இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் இதற்கு மேல்.

இரண்டாவது, வீடு

கார்டு பாக்கிக்கோ பர்சனல் லோனுக்கோ உங்கள் வீடு அடமானம் இல்லை. அந்தக் கடன் கொடுத்தவர்கள் வீட்டைத் தொட வேண்டுமானால் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி வர வேண்டும். வீட்டை அடமானம் வாங்கியவருக்கு அந்தச் சிரமம் கிடையாது. 2002-ஆம் ஆண்டின் சர்பேசி சட்டம், வழக்கே போடாமல் வீட்டைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கும் அரசு அறிவித்த நிதி நிறுவனங்களுக்கும் தருகிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும் என்று 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன். அடுத்து 60 நாள் டிமாண்ட் நோட்டீஸ். ஆக, சம்பளம் நின்று ஐந்தாறு மாதத்தில் வாசலில் நோட்டீஸ் ஒட்டலாம். ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் ஆறு மாத இ.எம்.ஐ.யாவது தனியாகக் கையிருப்பில் வேண்டும். சம்பாதிப்பவர் பெயரில் டெர்ம் இன்சூரன்ஸும் வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் வீட்டின் மேல் கடன் ஏற்றாதீர்கள். மனைவியை 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கோ-அப்ளிகன்ட் ஆக்குவார்கள். வருமானம் இல்லாவிட்டாலும் முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பாகிறார். சிபில் கணக்கில் அவர் பெயரும் அடிபடும்.

கையெழுத்துக்கு முன்

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளை முன்கூட்டியே தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு சதவீதம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்னதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களில், மாறும் வட்டியில் சொந்தத் தேவைக்கு வாங்கியதை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. பழைய கடனை முழுதாக அடைத்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் திரும்ப வர வேண்டும். தவறு கடன் கொடுத்தவர்களுடையதானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும்.

கட்டடத்தின் அனுமதியையும் பாருங்கள். கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி எல்லையில் போலி ஆவணங்களைக் காட்டி மகாரேரா என்ற மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பதிவு பெற்ற 65 கட்டடங்களை இடிக்க 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றில் கடன் போட்டு வீடு வாங்கியவர்களும் இருந்தார்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டதாலேயே கட்டடம் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

நோட்டீஸ் வந்தால்

60 நாள் நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தினால் இரண்டு பத்திரிகைகளில் அறிவிப்பு வரும், ஒன்று உள்ளூர் மொழியில். கல்யாணில் அது மராத்தி. படிக்கத் தெரிந்தவரிடம் உடனே காட்டுங்கள். அந்த நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். "கல்யாண் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இந்த விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்குச் சட்டமே கதவை அடைத்திருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு: எண் 15100.

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், விவரத்துக்கு 14448. வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் செய்யலாம். பத்பேடி என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய கடன் இந்த வழியில் வராது. அவர்கள் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தின் 101-ஆம் பிரிவில் வசூல் சான்றிதழ் வாங்கி வருவார்கள். லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர் வீட்டை எழுதி வாங்கியிருந்தால், 2014-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டித்தொழில் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம்.

கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால் ஏலத்துக்காகக் காத்திருக்காதீர்கள். முழுப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே வங்கியிடம் எழுத்தில் சொல்லி, நீங்களே ஆள் பார்த்து விற்றால் சந்தை விலை கிடைக்கும். கடன் போக மிஞ்சுவது கையில் நிற்கும். ஏலத்திலும் மீதி உங்களுக்கே சேர வேண்டும். ஆனால் அங்கே விலையை முடிவு செய்வது நீங்கள் இல்லை.