கருவுற்ற காலத்தில் இரத்தம் கண்டால்

தாயகத்தில் ஒரு பெண் கருவுற்றால் தாய், மாமி, அக்கா, அயல்வீட்டு ஆச்சி எனப் பலர் அவளைச் சூழ்ந்திருந்தனர். புலம்பெயர்ந்து பிரித்தானியாவுக்கு வந்தபின் நிலைமை வேறு. கணவன் இரவு வேலைக்குச் சென்றிருக்க, தனியே இரத்தக் கறையைக் காணும் இளம்பெண்ணுக்கு யாரைக் கேட்பது என்பதே முதற் கேள்வியாகிறது. பலர் விடியும்வரை காத்திருக்கின்றனர். சிலர் எவருக்குமே சொல்வதில்லை. இந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதாலேயே இவ்விடயத்தை வெளிப்படையாக எழுதுகின்றோம்.

முதல் 3 மாதங்களில் ஏறத்தாழ 4 பெண்களில் ஒருவருக்குச் சிறிதளவேனும் இரத்தம் படுவதுண்டு. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் கரு தொடர்ந்து வளர்கின்றது. ஆகவே, இரத்தம் கண்டவுடன் எல்லாம் முடிந்துவிட்டதெனக் கலங்குதல் வேண்டாம். மறுநாளேனும் குடும்ப வைத்தியரையோ மருத்துவிச்சியையோ தொடர்புகொண்டால், தொடக்கக் கர்ப்பப் பிரிவில் ஸ்கான் செய்ய ஒழுங்கு செய்வர். இரவாயின் 111 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஆனால், வயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்மூட்டு நுனியில் நோவு, மயக்கம், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியன தோன்றின் ஒரு கணமும் தாமதியாது 999 ஐ அழையுங்கள். கரு கருப்பைக்கு வெளியே, குழாயிற் தங்கியிருக்கக்கூடும். அக்குழாய் வெடிப்பின் தாயின் உயிரே போய்விடக்கூடும்.

சில வேளைகளில் கரு கலைந்தும் விடுகின்றது. அப்போது நம்மவரிடையே பழி பெண்மீதே விழுகின்றது. பப்பாசிப்பழம் தின்றாள், படியேறினாள், வாளி தூக்கினாள் என்கின்றனர். தொடக்கக் காலக் கருச்சிதைவுகளுட் பெரும்பகுதி கருவின் நிறமூர்த்தங்களில் நேரும் பிழைகளால் ஏற்படுவது. அதனைத் தாய் வரவழைத்ததுமில்லை. படுக்கையிற் கிடந்து தடுத்திருக்கவும் இயலாது. முன்னர் கருவை இழந்த பெண்ணுக்கு மீண்டும் இரத்தம் பட்டால், ஸ்கானில் கரு கருப்பையினுள் இருப்பது உறுதியானபின் புரோஜெஸ்டரோன் மருந்து கொடுக்கலாம் என பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் 2021 முதல் கூறுகின்றது. முன்னைய இழப்பை வெட்கத்தால் மறைப்பவருக்கு இவ்வாய்ப்புக் கிட்டாமற் போகும். குருதி வகை நெகட்டிவ் ஆயின் அதனையும் கூறவேண்டும். 12 வாரங்களின்பின் இரத்தம் பட்டால் அன்ரி-டி ஊசி தேவைப்படலாம்.

நம் பெண்களைக் கலங்கவைக்கும் இன்னொரு செய்தி, 20 ஆம் வார ஸ்கானில் கூறப்படும் 'நஞ்சுக்கொடி கீழே இருக்கின்றது' என்பது. நஞ்சுக்கொடி கருப்பை வாய்க்கு அண்மையில் அல்லது அதனை மூடியவாறு ஒட்டியிருப்பதே இதன் பொருள். 1958 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த பேராசிரியர் இயன் டொனல்ட் குழுவினர் ஒலியலைப் படமுறையை வெளியிடுவதற்கு முன், இது பெரும்பாலும் இரத்தப்போக்கு ஏற்பட்டபின்பே தெரியவந்தது. இன்று முன்கூட்டியே தெரிவதால், தேவையற்ற அச்சமும் முன்கூட்டியே வந்துவிடுகின்றது. இவ்வாறு கூறப்படும் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு இது தானாகவே சரியாகிவிடும். நஞ்சுக்கொடி நகர்ந்து செல்வதில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து வளர, அது வாயிலிருந்து விலகிவிடுகின்றது.

எனினும், 32 ஆம் வார அளவில் மீண்டும் செய்யப்படும் ஸ்கானுக்குத் தவறாது செல்லவேண்டும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அது இறுதிவரை கீழேயே இருந்துவிடும். அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை மூலமே பாதுகாப்பான பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இருக்கும் பெண்ணுக்குப் பிற்பகுதி மாதங்களில் வலியின்றி இரத்தம் பட்டால், அது சொற்பமாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தாயகத்தில் முதற் பிள்ளையை அறுவைச் சிகிச்சையாற் பெற்றவர்கள் அதனை மறவாது கூறவேண்டும். பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஆழ ஊன்றிவிடும் ஆபத்து உண்டு. இடம்பெயர்வில் மருத்துவப் பதிவுகள் தொலைந்திருக்கலாம். வாய்ச்சொல்லே வைத்தியருக்குச் சான்று.

மொழி தெரியாமை தடையாகக் கூடாது. பள்ளி செல்லும் மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் தாய், எத்தனை உண்மைகளை விழுங்கிவிடுகிறாள்! சந்திப்பைப் பதியும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" எனக் கேளுங்கள். தேசிய சுகாதார சேவையில் இதற்குக் கட்டணமில்லை.

கணவன்மாருக்கும் மாமிமாருக்கும் நாம் கூறுவது இதுவே: அவள் இரத்தம் கண்டதாகச் சொன்னால், என்ன செய்தாய் என்று கேளாதீர்கள், உடன் புறப்படுங்கள்.