காப்பிக் கொட்டையும் அது விளைந்த மலையும்



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீ, காப்பிக் கடை வைத்திருக்கும் நம் குழு உறுப்பினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ரெண்டு பாக்கெட்லயும் அராபிகான்னுதான் போட்டிருக்கு. ஒண்ணு மட்டும் விலை அதிகம். கேட்டா ஏற்காட்டுக் கொட்டைன்னு சொல்றாங்க. ஊர் மாறினா ருசி மாறுமா?" குழுக்கடனில் சரக்கு எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாறும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணி புகுந்து கிணறுகள் உப்பானது நமக்குத் தெரியும். அதே விதைதான், ஆனா பயிர் பழையபடி வருவதில்லை. காப்பிக்கும் மண், மழை, குளிர் எல்லாம் சேர்ந்துதான் குணம்.

காப்பியில் முக்கியமாக இரண்டு வகை. அராபிகா ஏறக்குறைய 1000 மீட்டருக்கு மேல் குளிர்ந்த மலையில் நன்றாக வரும். ரொபஸ்டா அதற்குக் கீழே, கொஞ்சம் வெப்பத்திலும் தாங்கும். ரொபஸ்டாவில் காஃபின் சுமார் இரண்டு மடங்கு, கசப்பும் கூட. இந்தியாவில் விளைவதில் 10 பங்குக்கு 7 பங்கு இதுதான்.

உயரம் ஏன் முக்கியம்? மேலே போகப் போக இரவு குளிரும், பழம் மெதுவாகப் பழுக்கும். கொட்டை கெட்டியாகி மணமும் லேசான புளிப்பும் ஏறும். கீழே வெப்பத்தில் அதே செடி சீக்கிரம் பழுத்துவிடும், ருசி மந்தமாக இருக்கும். மரநிழலும் பழுப்பதை நிதானப்படுத்தும். பக்கத்தில் மிளகுக் கொடி இருந்தால் காப்பியில் மிளகு வாசனை வரும் என்பார்கள், அதை நாங்கள் நம்புவதில்லை. மழையும் கணக்கு. ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்யும். அறுவடையும் அதை ஒட்டியே வருவதால் காயவைப்பதில் கவனம் தப்பினால் பூஞ்சை வாடைதான்.

பறித்த பிறகும் இடம் வேலை செய்யும்! மேற்குக் கரையில் மங்களூர் பக்கம் கொட்டையைப் பருவமழைக் காற்று படும்படி கிடங்கில் வாரக்கணக்கில் பரப்பி வைப்பார்கள். கொட்டை ஊதி, வெளுத்து, புளிப்பு போய்விடும். இதற்கு 'மான்சூன்ட் மலபார்' என்று பெயர், வெளிநாட்டில் நல்ல கிராக்கி.

2019-இல் குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, அரக்கு அராபிகாக்களுக்கும் வயநாடு ரொபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் ஏற்காடு இல்லை. 'பீபெரி' என்பது ஊரும் இல்லை, ஜாதியும் இல்லை. பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை இருந்தால் அதுதான் பீபெரி.

சரி, கடைக்கு எது? பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போடும் காப்பியில் மலைக் காப்பியின் மென்மையான மணம் தெரியாது. டிகாக்ஷன் கெட்டியாக இருக்க ரொபஸ்டாவும் வேண்டும். அதனால் ஒரே மலையின் அராபிகாவுக்கு அதிக விலை கொடுப்பது வீண் என்பதே எங்கள் கருத்து. அந்தப் பணத்துக்கு சிக்கரி குறைந்த தூளாக வாங்குங்கள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டே ஆகவேண்டும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சந்தேகமா? டம்ளர் தண்ணியில் ஒரு ஸ்பூன் தூளைப் போடுங்கள். காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே அடியில் இறங்கும்.

எந்த ஊர்க் கொட்டை என்று கண்டுபிடிக்க இப்படி வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பில்லிலும் அதையே எழுதிக் கேளுங்கள். முதலில் அரை கிலோ மட்டும் அரைத்து வாங்கி, கடையில் ஒருநாள் போட்டுப் பாருங்கள்.