ஊரை அறுக்கும் நான்கு வழிச்சாலை

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் அவற்றின் பங்கோ சுமார் 2 சதவீதம்தான்.

வாஜ்பாய் ஆட்சியில் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டமும் அடுத்தடுத்து வந்த திட்டங்களும் பழைய இருவழிச் சாலைகளை நான்கு வழியாக்கின. பெரிய ஊர்கள் பலவற்றுக்குப் புறவழிச்சாலை கிடைத்தது. சிற்றூர்கள் பலவற்றை நெடுஞ்சாலை இரண்டாக அறுத்துக்கொண்டு போனது. வீடு ஒருபுறம், வயலும் பள்ளிக்கூடமும் மறுபுறம். சென்டர் மீடியனில் திரும்பும் இடம் தொலைவில் இருந்தால், பைக்கில் வருபவர் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்து எதிர்த்திசையில் ஓரமாக வந்துவிடுகிறார். நடந்து வருபவர் மீடியனை ஏறித் தாண்டுகிறார். நடைமேம்பாலம் கட்டினாலும், புல்லுக்கட்டு சுமப்பவரும் முழங்கால் வலிக்காரரும் அதில் ஏறுவதில்லை. ஆடுமாடு ஏறவே ஏறாது. சுரங்கப்பாதை தேவலாம், மழைத்தண்ணீர் தேங்காத வரை. இருட்டிய பிறகு, பின்விளக்கு எரியாத டிராக்டரும் ஓரத்தில் நிறுத்திய லாரியும் இதே சாலையில் சேர்ந்துகொள்கின்றன.

இத்தனைக்கும் நடுவில்தான் கார்கள் பறக்கின்றன. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிட 65 கி.மீ. வேகத்தில் மோதினால், நடந்து செல்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2018-இல் மத்திய அரசு நான்கு வழிச்சாலைகளில் கார்களின் வேக வரம்பை 100 கி.மீ. ஆக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது.

அரசுக் கணக்கில் 2022-இன் மரணங்களில் சுமார் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம். பொய்யில்லை, ஆனால் பழியை ஓட்டுநர் தலையில் வைத்துவிட்டால், அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டிய வடிவமைப்பை யாரும் கேட்பதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, குறைபாடான சாலையால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அரசு அமைப்புக்கும் அபராதம் விதிக்கிறது. உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். கோடிகளில் நடக்கும் ஒப்பந்தத்தில் இது சில்லறை.

அடிபட்டவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதில் முன்னேற்றம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், வெளிமாநிலத்தவர் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தூக்கிச் சென்று சேர்ப்பவர் விரும்பாவிட்டால் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் 2019 திருத்தத்தில் பாதுகாப்பு இருக்கிறது.